மருந்து எதிர்ப்புக் காசநோய்: பெடாகுயிலின் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்ற சோதனை முடிவு வருமுன், பிபால்எம் என்ற நான்கு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கலாமா?

நெஞ்சகம்:
சளியில் கிருமியின் மரபணுவைப் பார்க்கும் சிபிநாட் சோதனையில், முதன்மைக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு தெரிந்ததுமே, இதயத் துடிப்பும் ரத்த எண்ணிக்கையும் இடம் கொடுத்தால், பிபால்எம் தொடங்கிவிட வேண்டும். பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின்: ஆறு மாதத்தில் முடிந்துவிடும். பெலாரஸ், தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தானில் நடந்து 2022-ல் வெளிவந்த டிபி-பிராக்டிகல் ஆய்வில் பாதகமான முடிவு இதில் 11 சதவீதம், பழைய சிகிச்சையில் 48 சதவீதம். கிருமியை வளர்த்து மருந்து கேட்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்காக ஆறு வாரம் உட்கார்ந்திருந்தால் அந்த ஆறு வாரமும் நோயாளி வீட்டில் குழந்தைகளோடு இருமிக்கொண்டிருப்பார்.

சளிக்குப்பி:
சிபிநாட் பார்ப்பது ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்துகளை மட்டும். பெடாகுயிலினைப் பற்றி அது எதுவும் சொல்லாது, லைன் ப்ரோப் என்ற இன்னொரு மரபணுச் சோதனையும் சொல்லாது. ரிஃபாம்பிசினுக்கு ஒரு சிறு பகுதியைப் பார்த்தால் போதும். பெடாகுயிலின் எதிர்ப்புக்கோ ஆர்வி0678 மரபணு முழுக்கச் சிதறிக் கிடக்கும் மாற்றங்கள்தான் பெரும்பாலும் காரணம். அதனால்தான் சிபிநாட் கார்ட்ரிட்ஜில் அடக்க முடியவில்லை. அந்த மரபணு கெட்டால், மருந்தை வெளியே தள்ளும் பம்பு கட்டுப்பாடின்றி ஓடும். அதே பம்பு குளோஃபசிமின் என்ற இன்னொரு காசநோய் மருந்தையும் தள்ளிவிடும். ஆகவே, முன்பு குளோஃபசிமின் சேர்ந்த நீண்ட சிகிச்சை எடுத்தவருக்குப் பெடாகுயிலின் ஒரு மாத்திரைகூடத் தொடாமலே எதிர்ப்பு இருக்கலாம். அவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவீர்களா டாக்டர்?

நெஞ்சகம்:
அவருக்கு இல்லை. இந்த மருந்துகளை ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தவரைத் தனியே பிரிக்கத்தான் சிகிச்சை வழிகாட்டுதல்களிலும் சொல்கிறார்கள். குளோஃபசிமினையும் அந்தக் கேள்வியில் சேர்க்கச் சொல்கிறீர்கள், அது நியாயம். ஆனால் முதன்முறை நோய் கண்டவரை ஏன் காக்க வைக்க வேண்டும்?

எண்கணக்கு:
அந்த 48-ஐ நிதானமாகப் படியுங்கள். பாதகமான முடிவு என்பதற்குள் இறப்பு, தோல்வி, பாதியில் நிறுத்தம் எல்லாம் அடக்கம். பழைய சிகிச்சைக் குழுவில் பெரும்பங்கு பாதியில் நிறுத்தியதால் வந்தது. என்ன மருந்து என்று இரு தரப்புக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. பிபால்எம் சிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கிருமியைக் கொல்வதில் நான்கு மடங்கு வித்தியாசம் என்று படித்தால் அது தவறு.

சளிக்குப்பி:
எனக்கு இன்னொரு பயம். பெடாகுயிலினின் அரை ஆயுள் சுமார் ஐந்தரை மாதம். மூன்றாம் மாதம் நோயாளி மறைந்துவிட்டால் மற்ற மருந்துகள் சில நாளில் உடலை விட்டுப் போய்விடும், பெடாகுயிலின் மட்டும் மாதக்கணக்கில் குறைந்த அளவில் தனியாக நிற்கும். எதிர்ப்புக் கிருமி முளைக்க அதைவிட நல்ல நிலம் கிடையாது. லினசோலிடைக் குறைக்கும்போதும் இதை மறக்கக் கூடாது.

மருந்தாளர்_வார்டு:
லினசோலிடில்தான் நடைமுறைச் சிக்கலே. மாக்ஸி இல்லாத மூன்று மருந்துக் கூட்டைச் சோதித்த நிக்ஸ் ஆய்வில் தினம் 1200 மில்லிகிராம். 109 பேரில் 81 சதவீதத்துக்கு நரம்பு பாதித்தது. அடுத்து வந்த செனிக்ஸில் 600 மில்லிகிராம், 26 வாரம் கொடுத்தபோது பாதிப்பு 24 சதவீதம், நல்ல முடிவு 91. அதே 600-ஐ 9 வாரத்தோடு நிறுத்தினால் பாதிப்பு 13 ஆகக் குறைந்தது, ஆனால் நல்ல முடிவும் 84-க்கு இறங்கியது. கால் எரிகிறது என்று நோயாளி வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருந்தால் தாமதம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை மாதாமாதம் கால் பெருவிரலில் வைத்து, அதிர்வை உணர்கிறாரா என்று பாருங்கள். பார்வையும் நிறமறியும் திறனும் பாருங்கள். ரத்த எண்ணிக்கை தொடக்கத்தில், இரண்டாம் வாரத்தில், பிறகு மாதம் ஒருமுறை. ரத்தம் முதல் இரண்டு மாதத்தில் விழும், நரம்பு பெரும்பாலும் அதற்குப் பின்தான்.

நெஞ்சகம்:
ஈசிஜியையும் சேருங்கள். பெடாகுயிலினும் மாக்ஸியும் இரண்டுமே கியூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்னூட்டம் பெற்று மீளும் நேரத்தை, நீட்டுபவை. துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய அளவு 500 மில்லிசெகண்டைத் தொட்டால் இரண்டையும் நிறுத்தி, பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்க வேண்டும்.
சளிக்குப்பி, நீங்கள் கேட்பது சிகிச்சையைத் தள்ளிப்போடவா, மாதிரியைப் பத்திரப்படுத்தவா?

சளிக்குப்பி:
முன்பு பெடாகுயிலினோ குளோஃபசிமினோ எடுத்தவருக்குத் தள்ளிப்போட்டே ஆக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றவர்களுக்கு முதல் மாத்திரைக்கு முன்பே இரண்டு சளி மாதிரி. அதில் வளரும் கிருமியை மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். மாத்திரை தொடங்கிப் பத்து நாள் கழித்து வரும் சளியில் கிருமி வளராமல் போகலாம், அப்போது ஒப்பிட எதுவும் இருக்காது. மற்ற கிருமிகளை நீக்க மாதிரியைச் சுத்திகரிக்கும்போது சோடியம் ஹைட்ராக்சைடு கூடினாலும் 20 நிமிடம் தாண்டினாலும் காசநோய்க் கிருமியே செத்துவிடும். பெடாகுயிலின் நீரில் கரையாது, டைமெத்தில் சல்பாக்சைடில்தான் கரைக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒப்பீட்டுக்கான எச்37ஆர்வி என்ற கட்டுப்பாட்டுக் கிருமியை ஓட்டாமல் முடிவு கொடுக்கக் கூடாது. எம்ஜிஐடி என்ற திரவ வளர்ப்புச் சோதனையில், எதிர்ப்பு உண்டா இல்லையா என்று பிரிக்கும் பெடாகுயிலின் எல்லை மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஆர்வி0678 மாற்றமுள்ள பல கிருமிகள் அந்த எல்லையை ஒட்டியே நிற்பதால், ‘மருந்து கேட்கும்’ என்று வந்த முடிவைக்கூட முழுதாக நம்ப முடியாது.

எண்கணக்கு:
அப்படியானால் இரண்டாம் மாத முடிவிலும் வளர்ப்பு நேர்மறையாக இருப்பவரின் மாதிரியை, சேமித்த முதல் மாதிரியோடு சேர்த்து மரபணு வரிசைப்படுத்தலுக்கு அனுப்ப வேண்டும். இரண்டிலும் மாற்றம் இருந்தால் எதிர்ப்பு முன்பே இருந்தது. இரண்டாவதில் மட்டும் இருந்தால் சிகிச்சையின்போது உருவானது, அல்லது புதிய கிருமி தொற்றியிருக்கிறது.

சளிக்குப்பி:
அதற்கு முதல் மாதிரி கையில் இருக்க வேண்டும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்கிறேன்.