அசைவு சென்சார் உள்ள காந்தப் பூட்டு ஆளில்லாமலே திறக்கிறது. ஆலைக் கதவுகளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஆலைப் பராமரிப்பாளர்

வணக்கம். உலோக உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் கட்டடப் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். ஆட்கள் வந்துபோகும் மூன்று கதவுகளில், அசைவு சென்சார் உள்ளேயே அமைந்த காந்தப் பூட்டுகளைச் சென்ற ஆண்டு பொருத்தினோம். மின்சாரம் ஓடும்வரை காந்தம் கதவிலுள்ள இரும்புத் தகட்டைப் பிடித்திருக்கும், நின்றால் விட்டுவிடும். வெளியிலிருந்து வருபவர் அட்டையைக் காட்ட வேண்டும். உள்ளிருந்து போகிறவர் கதவை நெருங்கினாலே பூட்டு விடுபடும். சென்சாரைத் தனியாக வாங்கி, அதற்கென்று ஒயர் இழுக்கும் வேலை மிச்சம் என்பதுதான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

இப்போது இரண்டு தொல்லைகள். சரக்கு ஏற்றும் மேடையை ஒட்டிய இரட்டைக் கதவு, நள்ளிரவில் உள்ளே ஆளே இல்லாதபோது 'டக்'கென்று விடுபட்டு, சில நொடிகளில் மறுபடியும் பிடித்துக்கொள்கிறது. காவலாளி இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறார். ஆனால் அட்டைகளைச் சரிபார்த்துக் கதவுகளைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரின் பதிவில் அந்த நேரத்துக்கு எதுவுமே இல்லை. இதற்கு நேர்மாறாக, சூளைக்கூடத்துக் கதவோ பிற்பகலில் ஆள் முன்னால் போய் நின்றாலும் அசைவதில்லை. பூட்டுக்கு நேராகக் கையை உயர்த்திப் பலமுறை ஆட்ட வேண்டியிருக்கிறது. மூன்றாவதான கிடங்குக் கதவில் எந்தக் குறையும் இல்லை.

உடல் வெப்பத்தையும் நுண்ணலையையும் சேர்த்துப் பார்க்கும் இரட்டைச் சென்சார் பூட்டுக்கு மாறினால் இரண்டு தொல்லையும் தீரும் என்கிறார் விற்பனையாளர். மூன்று கதவுக்கும் அதையே வாங்கலாமா?

மறுமொழி 1: கதவுப் பொருத்துநர்

வாங்குவதற்கு முன் நான்கு செய்திகளைப் பார்த்துச் சொல்லுங்கள். சென்சாரின் வெளியீடு கண்ட்ரோலருக்குப் போகிறதா, அல்லது பூட்டுக்கு வரும் மின்சாரத்தையே நேராக வெட்டுகிறதா? இரட்டைக் கதவின் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அங்கே ரப்பர் பட்டை முழுமையாக உள்ளதா? கதவுக்கு அருகில் கையால் அழுத்தித் திறக்கும் பொத்தான் உண்டா? தீ எச்சரிக்கை ஒலிக்கும்போது பூட்டுகள் தாமாக விடுபடுகின்றனவா?

முதல் கேள்விதான் முக்கியம். பதிவில் எதுவும் இல்லை என்றால், பூட்டு விடுபட்ட செய்தி கண்ட்ரோலரை எட்டவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்

தாங்கள் ஊகித்தது சரி. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சென்சாரின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) பூட்டுக்கான மின்சாரத்தை அங்கேயே துண்டிக்கிறது, கண்ட்ரோலருக்கு ஓர் ஒயர்கூடப் போகவில்லை. தீ எச்சரிக்கை இணைப்பு உள்ளது. பொத்தான் கிடங்குக் கதவில் மட்டும் இருக்கிறது.

இரட்டைக் கதவின் நடுப்பட்டை மேல் பாதியில் கிழிந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வழிவிட்டிருந்தது. ஒரு சந்தேகத்தில், வெந்நீரில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றி, வெளியிலிருந்து அந்த இடைவெளிக்குள் நீட்டி மெல்ல ஆட்டினேன். பூட்டின் அடியிலிருந்த சிறு விளக்கு பச்சையாக மாறியது, கதவு திறந்துகொண்டது. ஓராண்டாக இந்தக் கதவை நம்பித்தான் உள்ளே சரக்கை வைத்திருந்தோம் என்று நினைத்தபோது வியர்த்துவிட்டது.

காவலாளி குறித்து வைத்திருந்த இரண்டு நேரங்களையும் வாயில் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். இரண்டு முறையும் லாரி ஒன்று எஞ்சினை அணைக்காமல் அந்த மேடையில் பின்புறமாக நின்றிருக்கிறது.

மறுமொழி 2: பாதுகாப்புக் கருவி வடிவமைப்பாளர்

அப்படியானால் புகைக்குழாயின் சூடான காற்று அந்தக் கிழிசல் வழியே சென்சாரின் பார்வைக்குள் புகுந்திருக்கிறது. இந்த வகைச் சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை. மனித உடல் வெளிவிடும், ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர் தன் பார்வைப் பரப்பில் மாறுகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. பின்புலத்தைவிடச் சூடான எதுவும் நகர்ந்தால் அதற்கு அது ஆள்தான். சூளைக்கூடத்தில் நடப்பது இதன் மறுபக்கம்: தரையும் சுவரும் 36, 37 பாகைக்குச் சூடேறிவிட்டால், ஆளுக்கும் பின்புலத்துக்கும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. இரண்டு பூட்டிலும் பழுதில்லை. வைத்த இடம்தான் பொருந்தவில்லை.

விற்பனையாளரின் யோசனையில் பாதிதான் சரி. இரட்டைச் சென்சார்களில் பெரும்பாலானவை, வெப்பமும் நுண்ணலையும் ஒருசேர 'ஆம்' என்றால்தான் வெளியீடு தரும். சூடான காற்று நுண்ணலையைத் திருப்பி அனுப்பாது என்பதால் மேடைக் கதவின் பொய்த் திறப்பு குறையும். ஆனால் சூளைக்கூடத்தில் வெப்பப் பகுதி குருடாகிவிட்ட நேரத்தில், நுண்ணலை ஆளைக் கண்டாலும் பயனில்லை. கதவு இன்று திறக்காததுபோலவே அன்றும் திறக்காது. 'இரண்டில் ஒன்று போதும்' என்று மாற்றி அமைத்தால் அங்கே திறக்கும். ஆனால் நுண்ணலை மெல்லிய பிளாஸ்டிக் தடுப்புகளைக் கடந்து போகும், உலோகத்தில் பட்டுத் திரும்பும் என்பதால், தடுப்புக்கு அப்பால் ஃபோர்க்லிஃப்ட் போனாலும் பூட்டு விடுபடக்கூடும். உள்ளிருப்பவரைத் தவறவிடாமல் வெளியே விட வேண்டும், வெளியிலிருப்பவரின் சூழ்ச்சிக்கு ஏமாறவும் கூடாது என்ற இரண்டு வேலைகளை ஒரே சென்சாரிடம் ஒப்படைத்ததுதான் இங்கே கோளாறு.

ஆகவே கதவுக்குக் கதவு பிரித்துத் தேர்ந்தெடுங்கள். மேடைக் கதவில் காந்தப் பூட்டையே எடுத்துவிட்டு, உள்ளே சுவிட்ச் அமைந்த அவசர வெளியேற்றக் கம்பியைப் பொருத்துவது என் பரிந்துரை. உடம்பால் தள்ளினாலே தாழ் எந்திரமுறையில் விலகும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியேறலாம், வெளிப்புறமோ பூட்டியே இருக்கும். கம்பியிலுள்ள சுவிட்ச், 'உள்ளிருந்துதான் திறக்கிறார்கள்' என்று கண்ட்ரோலருக்குச் சொல்லி, கதவை யாரோ பலவந்தமாகத் திறந்தால் எழும் கட்டாயத் திறப்பு எச்சரிக்கையை அந்தச் சில நொடிகளுக்கு நிறுத்தி வைக்கும். ஐரோப்பியத் தரங்களில் இத்தகைய கம்பிக்கு ஈ.என். 1125 என்ற எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். சூளைக்கூடத்துக் கதவுக்கும் இதுவே பொருந்தும். கிடங்குக் கதவை அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுமொழி 3: மின்பணியாளர்

கம்பியெல்லாம் எதற்கு? ஒவ்வொரு கதவிலும் ஒரு பொத்தானை வைத்து, சென்சாரைத் துண்டித்துவிட்டால் முடிந்தது.

மறுமொழி 1: கதவுப் பொருத்துநர்

நண்பரே, அதை ஏற்க முடியாது. புகை சூழ்ந்த கூடத்தில் ஓடிவருகிறவர் சுவரைத் தடவிப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்; கதவைத்தான் தள்ளுவார். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 101 என்ற தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு, சென்சாரால் விடுபடும் பூட்டுள்ள கதவுக்கு அதோடு கூடுதலாகத்தான் பொத்தானையும் கேட்கிறது. அந்தப் பொத்தான் கதவிலிருந்து 60 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வேறு எந்த மின்னணுக் கருவியையும் நம்பாமல் மின்சாரத்தை நேராக வெட்டி, குறைந்தது 30 நொடி பூட்டை விடுவித்து வைக்க வேண்டும். மின்சாரம் போனாலும், தீ எச்சரிக்கை ஒலித்தாலும் கதவு திறந்துகொள்ள வேண்டும். தங்கள் பகுதியின் விதி வேறாக இருக்கலாம். தீயணைப்புத் துறையின் ஒப்புதலைப் பெறாமல் எதையும் கழற்றாதீர்கள்.

மூடியைத் திறந்துவிட்டீர்கள் என்பதால், பூட்டின் முனையில் மின்னழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 60 மீட்டர் தொலைவு ஓடி, 12 வோல்ட் பூட்டு அரை ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே ஏறத்தாழ 2 வோல்ட் போய்விடும். பிடிமானமும் அதற்கேற்பத் தளரும். அதே பூட்டை 24 வோல்ட்டில் இயக்கினால் மின்னோட்டம் பாதியாகும், இழப்பும் பாதியாகும். கதவில் இருக்கும் இரும்புத் தகட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். அது ரப்பர் வளையத்தின்மேல் சற்றே ஆட வேண்டும். 'ஆடுகிறதே' என்று யாராவது நல்லெண்ணத்தோடு திருகி இறுக்கிவிட்டால், தகடு காந்தத்தோடு சமமாகப் படியாமல், 500 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டிய பூட்டு ஓங்கித் தள்ளினாலே விட்டுவிடும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மேடைக் கதவில் 10.1 வோல்ட்தான் வருகிறது. தகட்டை இறுக்கிய நல்லெண்ணக்காரரும் அகப்பட்டார். அது எங்கள் பட்டறை உதவியாளர், சத்தம் வருகிறது என்று சென்ற மாதம்தான் முறுக்கியிருக்கிறார்.

கிழிந்த பட்டையை உடனே மாற்றினோம். புதிய பட்டையோடு வெந்நீர்த் துணியை மறுபடியும் முயன்றேன், கம்பியே நுழையவில்லை. மேடைக்கும் சூளைக்கூடத்துக்கும் சுவிட்சுள்ள கம்பிகளைக் கேட்டு, வரைபடத்தைத் தீயணைப்புத் துறைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒப்புதல் வரும்வரை சென்சார்களைத் துண்டிக்கவில்லை. இரண்டு கதவுகளிலும் பொத்தான் சேர்த்திருக்கிறோம், பூட்டு விடுபடும் ஒவ்வொரு முறையும் பதிவில் ஏறும்படி கண்ட்ரோலருக்கும் ஓர் ஒயர் இழுத்தாயிற்று. நேற்றிரவு லாரி வந்து நின்ற இருபது நிமிடத்தில் பதிவில் ஒரு வரிகூட ஏறவில்லை.