சாசரின் முன்னுரையை ஒலித்துப் படிக்க வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்த நான், தற்போது முதுகலை ஆங்கில இலக்கியம் முதலாண்டு பயில்கிறேன். 1400-இல் மறைந்த இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' முன்னுரை எங்களுக்குப் பாடமாக உள்ளது. அதன் 858 வரிகளின் பொருளை இக்கால ஆங்கில உரையின் துணையோடு ஓரளவு புரிந்துகொண்டேன்; இடர்ப்பாடு ஒலிப்பில்தான். 'நைட்' (knight) என்று இன்று நாம் சொல்லும் சொல்லில் அக்காலத்தில் முதலெழுத்தான 'கே'யும் ஒலித்தது என்பதையும், சொல்லின் இறுதியில் வரும் 'இ' (e) எழுத்து பல இடங்களில் தனி அசையாக நிற்கும் என்பதையும் அறிவேன். ஆனால், அது எங்கே நிற்கும், எங்கே அடுத்த சொல்லின் உயிரொலிக்கு முன் மறையும் என்று பிரித்தறிய இயலாததால், வரிக்குப் பத்து அசை என்னும் கணக்கு எனக்குப் பெரும்பாலும் பொருந்திவருவதில்லை. (உயிர் வந்தால் குற்றியலுகரம் கெடும் என்பதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவனுக்கு இந்த நிலை!)

இடைக்கால ஆங்கிலத்தை முறையாகக் கற்றவர்களோ கற்பிப்பவர்களோ இக்குழுவில் இருந்தால், தொடக்கத்திலுள்ள 18 வரிகளையாவது அசை பிரித்துக் காட்டுமாறும், நம்பத்தகுந்த ஒலிப்பதிவும் சொற்பொருள் குறிப்புகள் நிறைந்த பதிப்பும் இருந்தால் பரிந்துரைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தேர்வுக்கான சுருக்கக் குறிப்புகள் என்னிடம் போதுமான அளவு உள்ளன, அவை வேண்டாம்.