மறு: மைக்ரோசாட்டலைட் இன்ஸ்டபிலிட்டி: தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்குள் தேவை

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆய்வொன்றின் ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்த்து வருகிறேன். கட்டியின் திசுவில் எதைச் சோதிப்பார்கள் என்று கூறும் வரியில் இரண்டு நாளாக நிற்கிறேன். முன்னர் மொழிபெயர்த்தவர் "நுண்துணைக்கோள் நிலையாமை" என்று எழுதியிருக்கிறார். படிப்பவர் வானத்தைப் பார்ப்பார்.

மறுமொழி (உயிரியல் ஆசிரியர்):

துணைக்கோளைக் கைவிடுங்கள். 1960-களில் டிஎன்ஏவை, மேலிருந்து கீழாக அடர்த்தி கூடிச்செல்லும் கரைசலில் வைத்துச் சுழற்றியபோது முதன்மைப் பட்டைக்கு அருகே ஒதுங்கி நின்ற சிறு பட்டைக்கு இட்ட பெயர்தான் சாட்டலைட். அந்தப் பட்டையில் ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வந்தது; பின்னர் கண்ட சிறிய மீள்தொடர்களுக்கும் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இங்கே பேசப்படுவது ஒன்று முதல் ஆறு டிஎன்ஏ எழுத்து (ஏ, சி, ஜி, டி) வரையிலான துணுக்கு அடுத்தடுத்து வருவது: சிஏ, சிஏ, சிஏ. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் அடுக்கு. ஆகவே "நுண்ணடுக்கு".

மறுமொழி (தமிழாசிரியர்):

ஐயா, அடுக்கா, இரட்டைக்கிளவியா? "பாம்பு பாம்பு" என்பதைப் பிரித்தாலும் பொருள் நிற்கும். "சலசல"வைப் பிரித்தால் நிற்காது. சிஏ தனித்து நின்று என்ன பொருள் தருகிறது? அடுக்கென்றே கொண்டாலும், நன்னூலார் செய்யுளில் ஓசை நிரப்பும் இசைநிறைக்குக்கூட நான்கைத் தாண்ட இடம் தரவில்லை. பேட்-26 என்னும் குறியிடத்தில் (சோதனைக்கெனத் தேர்ந்த டிஎன்ஏ இடம்) அடெனின் என்ற 'ஏ' எழுத்து 26 முறை வருகிறதாமே! "மீள்தொடர்" என்பதே தகும்.

மறுமொழி (நோயியல் துறையிலிருந்து):

அம்மா, சிக்கல் எண்ணிக்கை மாறுவதில்தான் இருக்கிறது. செல் பிரியும்போது படியெடுக்கும் நொதி இத்தகைய இடங்களில் வழுக்கும். எம்எல்எச்1, எம்எஸ்எச்2 போன்ற பழுதுநீக்கும் மரபணுக்கள் பிழையைத் திருத்தும். அவை செயலிழந்தால் தொடரின் நீளம் கட்டியில் மாறிவிடும். முன்பு ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கு வசதியான குறியிடங்களைச் சோதித்ததால் ஒருவர் முடிவை மற்றவர் முடிவோடு ஒப்பிட இயலவில்லை. 1997-இல் அமெரிக்காவின் பெத்தஸ்டாவில் கூடிப் பொதுவாக ஐந்து குறியிடங்களைப் பரிந்துரைத்தார்கள். அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ மாறியிருந்தால் எம்எஸ்ஐ (மைக்ரோசாட்டலைட் இன்ஸ்டபிலிட்டி) உயர்நிலை. 2015-இல் ஆறு குழுக்கள் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்குத் தனித்தனியே செய்திருந்த வகைப்பாடுகளை இணைத்து நான்கு வகைகளாக்கியபோதும், இந்தப் பண்பு முதல் வகையின் அடையாளமாயிற்று.

"அடுக்கு", "மீள்தொடர்" இரண்டில் எதுவும் எனக்குச் சம்மதம். "நிலையாமை" மட்டும் வேண்டாம். அது திருக்குறளின் 34ஆம் அதிகாரம். புற்றுநோயாளி கையில் கொடுக்கும் தாளில் அச்சொல்லைக் கண்டால் அவர் கையெழுத்திடும் முன்பே உடைந்துபோவார். உண்மையில், முற்றிய நிலையில் இப்பண்பு இருப்பது தெரிந்தால் நோயெதிர்ப்புச் சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு மிகுதி. குடும்பத்தில் லிஞ்ச் நோய்க்குறி (பெருங்குடல் முதலிய புற்றுநோய்கள் வர ஏதுவாகும் பரம்பரைக் குறைபாடு) ஓடுகிறதா என்று ஆராயவும் அது வழிகாட்டும்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்):

"குலைவு" என்பதும் அச்சமூட்டுகிறது. "தடுமாற்றம்" நோயாளியின் நடையைச் சொல்வதுபோல் இருக்கிறது. மூவர் "பிறழ்ச்சி"க்கு இசைந்துள்ளனர். "மருத்துவர்கள் எம்எஸ்ஐ என்று குறிப்பிடும் நுண்ணடுக்குப் பிறழ்ச்சி" என்றெழுதி, அடுத்த வரியில் விளக்கமும் சேர்த்து இன்று அனுப்புகிறேன்.

மறுமொழி (தமிழாசிரியர்):

அனுப்புங்கள். நான்கே எல்லை என்ற என் மறுப்பு இழையில் இருக்கட்டும்.