அரிசிக் கோலத்தில் காந்தி முகம்: நிழலுக்கு யோசனை தேவை

வணக்கம். அக்டோபர் 2-க்காக பினாங்கு லிட்டில் இந்தியாவில் 8 அடி அகல அரிசிக் கோலம் போடுகிறோம். நடுவில் காந்தி முகம். சுற்றிலும் 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்த உப்பு யாத்திரை வரிசை. குருணை 12 கிலோ. கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரில் கலரைக் கரைத்துப் பிசறி, காற்றாடியடியில் உலர்த்துகிறோம்.

சிக்கல் முகத்தில்தான். பழுப்பில் மூன்று அடுக்கு வைத்தால் எல்லை கோடாகத் தெரிகிறது. கலந்து தூவினால் புள்ளி புள்ளியாகிறது. மூக்குக்கண்ணாடி வளையத்துக்குக் குருணையும் தடிமன். சாயமேற்றிய ரவை ஈரக்காற்றில் கட்டிவிடுமா, கோலமாவே மேலா?

வெள்ளைக்கு உப்பு போடலாம் என்கிறார்கள். பொருத்தம்தான், ஆனால் மழைக்காலத்தில் கசிந்து பக்கத்து நிறத்தை இழுத்துவிடும், வேண்டாம். பசையில்லாமல் முகம் போட்டவர்கள் படத்தோடு சொல்லுங்கள்.