ஃபேப்ரி நோயாளிக்குச் சிறுநீரக மாற்று: இரத்தம் உறையும் ஆபத்து குறையுமா?

மயூர் விஹார் அக்கா:
ஃபேப்ரி நோயால் என் தம்பியின் இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, இங்கே டெல்லியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. போன ஆண்டு இடது காலில் இரத்தம் உறைந்து தொடை வரை வீங்கியதிலிருந்து வார்ஃபரின் என்னும் உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறான். என் சிறுநீரகத்தைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மாற்று சிறுநீரகம் வைத்துவிட்டால் நோயே போய்விடும் என்று உறவினர்கள் சொல்வது உண்மையா? உறைவு பற்றி மருத்துவரிடம் நான் எதைக் கேட்க வேண்டும்?

முனிர்கா மருத்துவர்:
சகோதரி, ஃபேப்ரி என்பது ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் என்சைம் குறைவதால் அந்தக் கொழுப்பு உடலெங்கும் படியும் பரம்பரை நோய். புதிய சிறுநீரகம் தனக்கு வேண்டிய என்சைமைத் தானே சுரந்துகொள்ளும். ஆனால் தம்பியின் இதயத்திலும் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் படிந்துள்ள கொழுப்புப் பொருளை அதனால் கரைக்க முடியாது. ஆகவே உறையும் தன்மை நீடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் என்சைம் மருந்தும் பெரும்பாலும் தொடரும்.

முதலில் கேட்க வேண்டியது இடுப்புச் சிரையைப் பற்றி. மாற்று சிறுநீரகத்தை அடிவயிற்றில் வைத்து, அதன் சிரையைக் காலிலிருந்து மேலேறும் பெரிய சிரையோடு தைக்கிறார்கள். இரத்தம் வெளியேற அந்த ஒரு வழிதான். பழைய உறைவு இடதுபக்கச் சிரையைச் சுருக்கியிருந்தால் அங்கே வைப்பது ஆபத்து என்பதால், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனோ சி.டி. ஸ்கேனோ பார்த்த பிறகே பக்கத்தை முடிவுசெய்ய வேண்டும். இரத்த உறைவைக் கட்டுப்படுத்தும் புரதம் சி, புரதம் எஸ் பரிசோதனைகளை வார்ஃபரின் சாப்பிடும்போது எடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். உறையும் தன்மையைக் கூட்டும் மரபணு மாற்றமான ஃபேக்டர் ஃபைவ் லைடனுக்கான மரபணுச் சோதனைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று உங்களைப் பற்றியது. இது எக்ஸ் குரோமோசோம் வழி வரும் நோய். உங்கள் அம்மாவிடமிருந்து தம்பிக்கு வந்திருந்தால் உங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு என்சைம் அளவு சரியாக இருந்தும் நோய் இருக்கலாம்; மரபணுப் பரிசோதனை செய்யாமல் தானத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

ஆர்.கே. புரம் வாசகி:
என் கணவர் மாற்று சிறுநீரகத்தோடு வார்ஃபரினும் சாப்பிடுகிறார். பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் கொடுத்தபோது இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., மாற்று சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு இரண்டுமே ஏறிவிட்டன. எந்த மருந்துச் சீட்டையும் சிறுநீரக மருத்துவரிடம் காட்டாமல் மாத்திரை வாங்காதீர்கள். ஃபேப்ரி உள்ளவர்களுக்கு வியர்வை குறைவு, வெயில் தாங்காது. மே, ஜூன் மாத டெல்லி வெயிலில் உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலும் இரத்தம் உறைய இடமுண்டு. மாற்றுக்குப் பின் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை போனால், அவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்காமல் அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

மயூர் விஹார் அக்கா:
இருவருக்கும் நன்றி. என் மரபணுப் பரிசோதனைக்குக் கேட்கிறேன். அறுவைக்கு முன் வார்ஃபரினை நிறுத்துவார்களா?

முனிர்கா மருத்துவர்:
ஆம். உயிருடன் உள்ளவர் தரும் தானம் என்பதால் தேதி முன்கூட்டியே தெரியும். பொதுவாக ஐந்து நாளுக்கு முன் நிறுத்தி, தேவைப்பட்டால் ஹெப்பாரின் என்னும் உறைவுத் தடுப்பு ஊசி கொடுப்பார்கள். அறுவைக்குப் பின் எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை இரத்தக் கசிவைப் பார்த்து அந்தக் குழுவே முடிவுசெய்யும். முதல் இரண்டு வாரங்களில் சிறுநீர் திடீரென்று குறைந்தாலோ, சிவந்து போனாலோ, சிறுநீரகம் வைத்த இடம் வீங்கி வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே டாப்ளர் பார்க்கச் சொல்லுங்கள்.