அவிநாசி பக்கம் பழைய ஓட்டு வீடு: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

வணக்கமுங்க. நானும் மச்சானும் சேர்ந்து அவிநாசி பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்கலாம் என்று இருக்கிறோம். ஐந்தரை சென்ட். சுவர் நல்ல கெட்டி, கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது.

30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கடன், விற்பனை விவரம்) போட்டுப் பார்த்ததில் கடன் எதுவும் இல்லை. ஆனால் பட்டா இன்னும் விற்பவர்களின் தாத்தா பெயரில். அவர் உயில் எழுதவில்லை. விற்க வந்திருப்பது இரண்டு பேரன்கள் மட்டும். வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்த அத்தை ஒருவர், அந்தத் தாத்தாவின் மகள், இருக்கிறார், அவர் கையெழுத்துப் போடவில்லை. "அந்தக் காலத்திலேயே சீர் செய்து அனுப்பியாச்சுங்க" என்கிறார்கள். சீர் கொடுத்தால் பங்கு போய்விடுமா என்ன? வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் இருக்கிறது. அவரிடம் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்காமல் இறங்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தது மாடி. பின்பக்கம் அனுமதி வாங்காமல் இரண்டு அறை எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் பனியன் கம்பெனி, அதனால் அந்த சர்வே எண் முழுமைத் திட்டத்தில் (எந்த இடம் எதற்கு என்று அரசு வகுத்த மாஸ்டர் பிளான்) தொழில் பகுதியாக இருக்குமோ என்று பயம். அப்படி இருந்தால் வாங்க வருபவருக்கு வங்கி வீட்டுக்கடன் தருமா?

போன வருடம் இப்படித்தான் ஓர் இடத்தில், மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறது என்ற புரோக்கர் பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுத்தோம். பாதிதான் திரும்பி வந்தது.

தொழில் பகுதியைக் குடியிருப்பாக மாற்றும் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பித்தவர்கள், எத்தனை மாதம் ஆனது, எவ்வளவு செலவு என்று சொல்லுங்க. திருப்பூரில் நல்ல சிவில் வக்கீல் தெரிந்தாலும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார்கள்.