முதுகுப் பக்கம் கேட்கும் ஸ்கேட் சத்தம்: கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஃபோர்செக் அனுபவங்கள்

ஸ்கார்பரோக்காரன்:

மிச்சிகனில் படித்தபோது கல்லூரி கிளப் அணியில் டிஃபென்ஸ் ஆடினேன், அதாவது கோலைக் காக்கும் தற்காப்பு வரிசையில். கைக்காசு கட்டி ஆடும் கிளப் ஹாக்கிதான், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் முதல் டிவிஷன் வேகம் கிடையாது. ஆனால் இடிக்கு ஒன்றும் குறைவில்லை.

எதிராளியின் பகுதிக்குள்ளேயே போய் நெருக்கி, பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) பறிப்பதுதான் ஃபோர்செக். அந்தப் பேரைச் சொன்னதும் எல்லோரும் கண்ணாடி அதிரும் மோதலைத்தான் பேசுகிறார்கள். அதில் மாட்டியவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். எதிரணி நடுக்கோட்டைத் தாண்டியதும் பக்கை நம் மூலைக்குள் தள்ளிவிட்டுத் துரத்தும். அதை எடுக்கப் போகும் டிஃபென்ஸ்மேனின் முகம் ஐஸைச் சுற்றி நிற்கும் சுவரான போர்டைப் பார்த்திருக்கும். ஆட்டம் முழுவதும் முதுகுக்குப் பின்னால். ஸ்கேட் ஐஸைக் கீறும் சத்தம் மட்டும் நெருங்கி வரும்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வலது மூலையில் பக். இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர்களுடைய முதல் ஆள் நேராக வரவில்லை, ஐஸின் நடுவிலிருந்து வளைந்து வந்தான். கோலுக்குப் பின்னால் போகும் வழி அந்த வளைவிலேயே அடைந்துவிட்டது. ஸ்டிக்கை ஐஸில் கிடத்தி, என் ஜோடி டிஃபென்ஸ்மேனுக்கு பாஸ் போகும் வழியையும் மறைத்தான். மிச்சம் இருந்தது போர்டு ஓரம் மட்டுமே. பக் என் ஸ்டிக்கில் பட்ட அதே நொடி அவன் தோள் என் விலாவில் இறங்கியது. முகக் கம்பி கண்ணாடியில் போய் ஒட்டியது. காலடியில் நழுவிய பக்கை இரண்டாவது ஆள் பொறுக்கினான். மூன்றாவது ஆள் எங்கள் கோலருகே ஐஸில் வரைந்த வட்டத்தின் மேல்விளிம்பில் தனியாக நின்றான். ஒரு பாஸ், ஒரு ஷாட், கோல்.

அதைவிடப் பெரிய சேதம் அடுத்த ஷிஃப்ட்டிலிருந்து, அதாவது ஆட்கள் மாறி இறங்கியதிலிருந்து தொடங்கியது. எங்கள் ஆட்கள் பக் கிடைத்ததும் ஏறிட்டுப் பார்க்காமலே கண்ணாடி ஓரமாக அடித்துவிட்டார்கள். எங்கள் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் நின்ற அவர்கள் ஆள் அதைச் சாவகாசமாகப் பிடித்துத் திரும்ப உள்ளே போட்டான். அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

மினியாபொலிஸ்வாசி:

அண்ணா, அந்த இரண்டாவது சேதத்தை நான் டிவியில் பார்த்து நொந்திருக்கிறேன். 2023 ஏப்ரல், டாம்பாவில் என்சிஏஏ இறுதியாட்டம். எங்கள் மினசோட்டா அணியில் லோகன் கூலி, மேத்யூ நைஸ், ஜிம்மி ஸ்னகரூட் என்று முதல் லைனே பயங்கரம். எதிரே கனெக்டிகட்டின் குவின்னிபியாக். 2-0 என்று முன்னால் போனோம். கப் நமக்குத்தான் என்று அறையில் ஒரே கொண்டாட்டம்.

அப்புறம் எங்கள் பகுதியை விட்டு பக் வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது. மொத்த ஷாட் கணக்கு 30-15, அவர்கள் பக்கம். கடைசி மூன்று நிமிடத்துக்குள் கோலியை வெளியே எடுத்து, பதிலுக்கு இன்னொரு ஆளை இறக்கி சமன் செய்தார்கள். கூடுதல் நேரம் தொடங்கி 10 விநாடியில் ஜேக்கப் குவிலன் அடித்த கோலோடு 3-2, எல்லாம் முடிந்தது. அன்றைக்கு எங்களைத் தோற்கடித்தது பெரிய இடி எதுவும் இல்லை. மூச்சுவிட நேரம் தராத நெருக்கடிதான்.

இடதுவிங்:

தம்பிகளா, நான் பெண்கள் அணியில் ஆடியவள். என்சிஏஏ பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடிக்கும் பாடி செக்கிங்குக்கு விதியில் இடமில்லை. ஆனாலும் ஃபோர்செக் உண்டு. மேலே சொன்ன வளைவும் ஸ்டிக்கும்தான் எங்கள் ஆயுதம், அவை சரியாக அமைந்தால் தோள் தேவையே இல்லை. அதனால்தான் ஆண்கள் ஆட்டத்தில் போர்டைப் பார்த்து நிற்பவனைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளுவதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. கழுத்தெலும்பு போகக்கூடிய விஷயம் அது. ஐந்து நிமிட மேஜர் பெனால்ட்டி கொடுத்து ஆட்டத்தை விட்டே வெளியேற்றினால் நான் கைதட்டுவேன். முகம் முழுக்கக் கம்பி இருப்பதால் கல்லூரிப் பையன்களுக்கு அடிபடும் பயம் கொஞ்சம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

ஸ்கார்பரோக்காரன்:

நூற்றுக்கு நூறு சரி அக்கா. அன்றைக்கு என்னை இடித்தவன் பக்கவாட்டில்தான் வந்தான், விசில் ஊதாதது நியாயமே.

டிஃபென்ஸ் ஆடும் பிள்ளைகள் யாராவது படித்தால் ஒன்று சொல்கிறேன்: ஜோடியைக் கத்தச் சொல்லுங்கள். 'வீல்' என்றால் கோலைச் சுற்றி ஓடு, 'ஓவர்' என்றால் மறுபக்கம் பாஸ், 'ரிவர்ஸ்' என்றால் பக்கை நீ வந்த வழியே திருப்பி விட்டுவிடு. முதுகுப் பக்கம் கண் இல்லாதவனுக்கு ஜோடியும் கோலியும்தான் கண். அந்தக் குரல் பக்கைத் தொடுவதற்கு முன்பே வந்துவிட வேண்டும், தொட்ட பிறகு வந்து பிரயோஜனம் இல்லை.